செல்லையனின் தொண்டையும் ஒரு வாய்தா மனுவும்

அஜிஷா வக்கீலுக்கு ஒரு நோய் உண்டு. எது நடந்தாலும் அது ரெக்கார்டில் ஏறியாக வேண்டும். குழம்பில் உப்பில்லை என்று அம்மா சொன்னால்கூட, தான் அப்போதே மறுப்புத் தெரிவித்ததைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். நெய்யாற்றின்கரை கோர்ட் வளாகத்தில் அவளுக்கு ‘ரெக்கார்ட் அஜிஷா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களைப் பார்த்து அவளும் சிரிப்பாள். ஆனால் நோயை விடமாட்டாள்.

நோய் வந்த கதை சின்னதுதான். கறுப்புக் கோட்டு மாட்டிய புதிதில் ஒரு கேஸில் சாட்சி வரவில்லை. எழுந்து நின்று வாயால் வாய்தா கேட்டாள். முடியாது என்றார்கள், சரி என்று உட்கார்ந்துவிட்டாள். கேஸ் தோற்றது. அப்பீலுக்குப் போனால் மேல் கோர்ட்டில், “நீங்கள் அவகாசம் கேட்டதற்கும் மறுத்ததற்கும் சான்று எங்கே?” என்றார்கள். சான்று எங்கும் இல்லை. கேட்கவே இல்லை என்று கணக்காகிப் போயிற்று. அன்றிலிருந்து வாய்தா வேண்டுமென்றால் மனு, மறுத்தால் காரணத்தோடு உத்தரவு, அதற்கும் மேலே ஒரு ஆட்சேபணை. தோற்றாலும் பிடித்து ஏற ஒரு கிளை வேண்டும் என்பது அவள் கட்சி.

இப்போது அவள் கையில் இருந்தது பொன்னையனின் ஆட்டுக் கேஸ்.

பொன்னையன் பாறசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் பஸ் டிரைவர். மஞ்சள் பஸ்ஸைத் தூரத்தில் கண்டாலே பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தும். அப்படிப்பட்ட மனிதர் ஆடு திருடினார் என்று கேஸ். கேஸ் முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். தற்காலிகமாக வந்த டிரைவர் இரண்டு மதிலை இடித்துவிட்டான், பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது என்று பொன்னையன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வயிறெரிந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டின் வரலாறு இதுதான். ஆரியங்கோட்டுப் பக்கம் ஒரு பழைய மிஷன் சபையில் அறுப்புப் பண்டிகை. காணிக்கையாக வந்த வாழைக்குலை, சேனை, சேவல் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஊர்ப் பேச்சில் லேலம். சபைக்காரர், வேற்று மதக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் வந்து கேட்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, “மறுபடி விடுங்கோ” என்று பொருளைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பார். அது மீண்டும் ஏலத்துக்கு வரும். ஒரே பூசணிக்காய் நாலு பேர் கைக்குப் போய்த் திரும்பி வந்த பெருமையெல்லாம் உண்டு.

ஹார்டுவேர் கடை விஜயதாஸ் இந்தத் திருப்பிக் கொடுப்பதில் மன்னன். ஏலம் என்றால் அவருக்குக் கை தானாக எழும்பும். அன்றைக்குக் கடைசியாக வந்த பெட்டை ஆட்டை அவர் எடுத்தார், ரசீது வாங்கினார், அந்தச் சந்தோஷத்தில் மறுபடி விடச் சொன்னார். இரண்டாவது ஏலத்தில் பொன்னையன் எடுத்து, காசைக் காணிக்கைப் பெட்டியில் போட்டார். மறு ஏலக் காசு பெட்டிக்குத்தான் போகும், அதற்கு ரசீது இல்லை. ஸ்கூட்டரில் ஆட்டை ஏற்ற முடியாது, நாளைக்கு ஆட்டோவோடு வாறேன் என்று சபைத் தென்னையில் கட்டிவிட்டுப் போனார்.

விஜயதாஸ் வீட்டுக்குப் போனதும் மனைவி புஷ்பபாய் வாசலிலேயே கேட்டாள். “ஆடு எங்க?” திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. போன வருஷம் இப்படித்தான் ஒரு பலாக்காயையும் இரண்டு சேவலையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து, வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “சபையில கட்டியிருக்கேன்” என்றார். பிறகென்ன, பொழுது சாய்வதற்குள் போய் அவிழ்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் பொன்னையன் ஆட்டோவோடு வந்தால் தென்னைதான் நிற்கிறது. ஆட்டின் குரல் பக்கத்திலேயே இருந்த விஜயதாஸ் வீட்டுப் பின்புறத்திலிருந்து கேட்டது. போய்ப் பார்த்தார், வீட்டில் யாருமில்லை. தன் ஆடுதானே என்று அவிழ்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். புஷ்பபாய் வந்து பார்த்து ஊரைக் கூட்டினாள். கேட்ட இடத்திலெல்லாம் விஜயதாஸ் தலையை ஆட்டினார், ஆட்டிய தலையோடு போலீஸ் ஸ்டேஷனிலும் போய்க் கையெழுத்துப் போட்டார்.

மறு ஏலத்தைப் பார்த்த வேறு ஆளே இல்லையா என்றால், இல்லை. ஆடு வந்த நேரத்தில் பந்தியில் சோறு போட ஆரம்பித்துவிட்டார்கள். சபை மொத்தமும் இலை பிடிக்க ஓடிவிட்டது. பார்த்த ஒரே ஆள் ஏலம் விட்ட செல்லையன்தான். கடைசிப் பொருள் போகும்வரை அசையாத மனிதர்.

கேஸ் இழுத்தது. ஒருமுறை போலீஸ்காரருக்குச் சபரிமலை டூட்டி என்று அரசு வக்கீல் சஜு வாய்தா வாங்கினார். ஒருமுறை விஜயதாஸுக்கு வயிற்றுக் கோளாறு. ஒருமுறை ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் மீட்ட ஆடு கோர்ட் அனுமதியோடு விஜயதாஸ் வீட்டில் நின்றது, வாய்தாவுக்கு வாய்தா குட்டி போட்டுக்கொண்டும் இருந்தது.

அப்படி இப்படி என்று எதிர்த்தரப்புச் சாட்சியத்துக்கு நாள் வந்தது. அன்று காலை கோர்ட் வாசல் டீக்கடையில் செல்லையன் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றார். அஜிஷா வணக்கம் சொன்னாள். செல்லையன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“என்னண்ணே, தொண்டைக்கு என்ன?”

செல்லையன் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினார். கள்ளிக்காட்டுப் பக்கம் அடுத்தடுத்து மூன்று சபைகளில் ஏலம் விட்டிருக்கிறார். குரல் நாண் வீங்கிவிட்டது. கிறிஸ்மஸ் கழியும்வரை ஒரு எழுத்துகூடப் பேசக் கூடாது.

அஜிஷாவுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. இருந்தது ஒரே சாட்சி, அந்தச் சாட்சிக்கு இருந்தது ஒரே தொண்டை. உடனே பையைத் திறந்து வாய்தா மனு எழுத ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற பொன்னையன் முகம் தொங்கிப் போயிற்று.

“வக்கீலே, கிறிஸ்மஸ் லீவுக்கு முன்ன கேஸ் தீரலன்னா வேற டிரைவர நிரந்தரமா எடுப்பாங்களாக்கும். வாய்தா கிட்டினா எனக்க பஸ்ஸு போச்சு. கிட்டலன்னா எனக்க பேரு போச்சு. இதுல எத கேக்கப் போறிய?”

“ரெண்டும் போகக் கூடாதுண்ணே. ஆனா கேட்டே ஆகணும். கேட்டு, இல்லன்னு சொல்லி, அந்த இல்லங்கியத எழுத்துல வாங்கி வெச்சாத்தான் நாளைக்கு அப்பீல்ல போய் நிக்க எடம் உண்டு.”

“அப்போ தோக்கப் போறோமா?”

“இல்லண்ணே! ஒருவேள தோத்தா.”

“கல்யாணத்துக்கு மின்னேயே பிரிஞ்சுபோற பேப்பர் எழுதுத கணக்கா இருக்கு” என்றார் பொன்னையன். செல்லையன் சத்தமில்லாமல் சிரித்தார், அந்தச் சிரிப்பிலேயே இருமல் வந்து டீ சிந்தியது.

அஜிஷா சிரிக்கவில்லை. மனு கொடுக்க வேண்டும், மனு நிற்கவும் வேண்டும், அதே சமயம் யாராவது அதை மறுத்துவிட்டால் தேவலை. வக்கீலாகி இத்தனை நாளில், கேட்கிறது கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு அவள் கோர்ட்டுக்குள் நுழைந்தது அன்றுதான்.

கேஸைக் கூப்பிட்டார்கள். பொன்னையன் கூண்டில் ஏறினார். தன் சாட்சியம் முடிந்துவிட்டதால் விஜயதாஸ் பார்வையாளர் பெஞ்சில் இருந்தார், பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு புஷ்பபாய். அஜிஷா மனுவை நீட்டிய உடனே சஜு வக்கீல் எழுந்தார்.

“இது கேஸை இழுத்தடிக்கும் தந்திரம் மேடம். இனியும் ஒரு வாய்தா கொடுக்கக் கூடாது.”

அஜிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இழுத்தது யார் மேடம்? இவர் வாங்கின வாய்தாவில் ஆடு குட்டி போட்டு, குட்டி குட்டி போட்டு நிற்கிறது. நாங்கள் கேட்பது இதுதான் முதல் தடவை. இதையும் பதிவு செய்ய வேண்டும்.”

“ஆட்டுக் குட்டியையா?” என்றார் சஜு. “அஜிஷா வக்கீல் தும்மினால்கூடப் பதிவு செய்யணும் மேடம்.”

மஜிஸ்திரேட் அம்மா டாக்டர் சீட்டைப் படித்தார். செல்லையனைப் பார்த்தார். செல்லையன் மப்ளரை விலக்கித் தொண்டையைக் காட்டினார். பழைய கேஸ்களையெல்லாம் வருஷக் கடைசிக்குள் முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு இருக்கிறது என்றார் அம்மா. “பேச முடியாத சாட்சி எழுதிக் காட்டலாம், சைகையும் காட்டலாம். சட்டத்தில் இடமுண்டு. வாய்தா இல்லை.”

“மறுப்புக்கான காரணங்களோடு எழுத்தில் உத்தரவு வேண்டும் மேடம். என் ஆட்சேபணையும் அதில் ஏற வேண்டும். என் சாட்சியின் பலமே அவர் குரல்தான்.”

“ஏறும், ஏறும்” என்று மஜிஸ்திரேட் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உத்தரவைச் சொல்ல, பெஞ்ச் கிளார்க் கம்ப்யூட்டரில் தட்டினார். அஜிஷாவுக்குப் பாதி உயிர் வந்தது. பஸ் இன்னும் போகவில்லை, அப்பீலுக்கும் வழி திறந்துவிட்டது. மீதிப் பாதி உயிர் செல்லையன் கையில் இருந்தது.

செல்லையனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, பேனாவும் தாளும் கொடுத்தார்கள். அவர் வெகு நேரம் யோசித்து எழுதினார். மஜிஸ்திரேட் அம்மா வாசித்தார். “ஆடு வந்தது. விட்டேன். போயிற்று.”

“யாருக்குப் போயிற்று?” என்று அஜிஷா கேட்டாள். பொன்னையனுக்கு என்று எழுதினார்.

சஜு துள்ளி எழுந்தார். “முதலில் யாருக்குப் போயிற்று?” விஜயதாஸுக்கு என்று எழுதினார். “ஒருவருக்குப் போன ஆடு பிறகு எப்படி இன்னொருவருக்குப் போகும்? விற்றாரா? கொடுத்தாரா? எப்படி? எழுதுங்கள்!”

செல்லையன் பேனாவைத் தாளின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஆயுள் முழுக்க ஆயிரம் பேர் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தி வாழ்ந்த மனிதர் அவர். ஒரு ஏலத்தைத் தாளில் உட்காரவைக்க அவரால் முடியவில்லை. கடைசியில் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, காட்டுகிறேன் என்று கையசைத்தார். மஜிஸ்திரேட் அம்மா தலையசைத்தார்.

செல்லையன் மப்ளரைக் கழற்றிக் கூண்டின் விளிம்பில் போட்டார். நெஞ்சை நிமிர்த்தினார். தலையில் இரண்டு விரலை நட்டுக்கொண்டு அசை போட்டார்.

“சாட்சி தலையில் இரண்டு விரல் வைத்து ஆட்டைக் காட்டுகிறார்” என்று மஜிஸ்திரேட் அம்மா சொல்ல, கிளார்க் நிறுத்தினார். “கொம்பா, காதா மேடம்?”

செல்லையன் கோபத்தோடு காதைத் தனியாகத் தொட்டுக் காட்டினார். கொம்பு என்று பதிவாயிற்று. அஜிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு ஏலம் தொடங்கியது. சத்தமே இல்லை. ஆனால் செல்லையனின் கை அப்படி இப்படிப் பறந்தது, புருவம் ஏறியது, இந்தப் பக்கம் கெஞ்சியது, அந்தப் பக்கம் ஏசியது. பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அடுத்த கேஸுக்காகக் காத்திருந்த ஒரு போலீஸ்காரர் எழுந்தே நின்றுவிட்டார். செல்லையன் கூண்டின் மரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். பார்த்தார். இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டுக்குக் கையை ஓங்கி, அந்தரத்தில் அப்படியே நிறுத்தினார்.

இந்த இடம்தான் செல்லையனின் சாமர்த்தியம். ஓங்கிய கை இறங்குமா இறங்காதா என்று பார்க்கிறவனின் நெஞ்சு அடைக்கும். ஆரியங்கோட்டில் எத்தனையோ பேர் வேண்டாத சேனைக்கிழங்கை இந்த இடத்தில் வாங்கியிருக்கிறார்கள்.

அஜிஷாவின் கண் தற்செயலாக விஜயதாஸ் மேல் விழுந்தது. அவர் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. வலது கையை இடது கையால் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்புச் சாட்சியத்துக்கு நடுவே புகார் கொடுத்தவர் இப்படிச் சேட்டை செய்வது முறையல்ல என்று ஆட்சேபிக்க அஜிஷா பழக்கத்தில் வாயைத் திறந்தாள். பிறகு, கர்த்தரின் கிருபை, வாயை மூடினாள். அந்த நோய் வந்த பிறகு அவள் பதிவு செய்யாமல் விட்ட முதல் ஆட்சேபணை அது.

விஜயதாஸின் கை திமிறிக்கொண்டு மேலே போயிற்று.

செல்லையனும் பழக்கத்தில் விரலை நீட்டி அவரைச் சுட்டினார், மூன்றாவது தட்டைப் போட்டார். விஜயதாஸ் பெஞ்சைவிட்டு எழுந்தேவிட்டார். முகமெல்லாம் சந்தோஷம். இரண்டு கையையும் முன்னால் தள்ளி, சபையே கேட்கச் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்.

“கர்த்தருக்கே இருக்கட்டும்! மறுபடி விடுங்கோ!”

கோர்ட்டே வாயைப் பிளந்தது. செல்லையன் மட்டும் தொழில் சுத்தம். மறுபடி விடச் சொன்னால் விட வேண்டியதுதானே? மறுபடி கையை ஓங்கினார், இரண்டு தட்டு தட்டினார், நிறுத்தினார். குற்றவாளிக் கூண்டிலிருந்து பொன்னையன் கையைத் தூக்கினார். மூன்றாவது தட்டு விழுந்தது. ஆடு பொன்னையனுக்கே போயிற்று.

பிறகு சிரிப்பு வெடித்தது பாருங்கள். போலீஸ்காரர் சுவரில் சாய்ந்து சிரித்தார். “சைலன்ஸ்” என்று கத்தவேண்டிய டவாலி, கத்த வாயைத் திறந்து சிரித்தான். மஜிஸ்திரேட் அம்மா ஒரு ஃபைலை முகத்துக்கு முன்னால் தூக்கி வைத்துக்கொண்டார், ஃபைல் குலுங்கியது. அஜிஷாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பா வேறென்னவா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஃபைல் இறங்கியபோது அம்மாவின் முகம் கோர்ட் முகமாகிவிட்டது. விஜயதாஸை மறுபடி சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார். சத்தியம் வாங்கினார்கள்.

“விஜயதாஸ், அந்த ஆட்டையும் இப்படித்தான் திருப்பிக் கொடுத்தீர்களா?”

விஜயதாஸ் மஜிஸ்திரேட்டைப் பார்த்தார். புஷ்பபாயைப் பார்த்தார். யாருக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

“மேடம், இதுக்குப் பதில் சொல்ல ஒரு வாய்தா கிட்டுமா?”

“வாய்தா இல்லை.”

“காரணங்களோடு பதிவு செய்யணும் மேடம்” என்று அஜிஷா பழக்கத்தில் சொல்லிவிட்டாள். மறுபடியும் கோர்ட் சிரித்தது.

விஜயதாஸ் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா மேடம். கொடுத்தேன்” என்றார். “ஆடு அவருக்கதாக்கும். வீட்டுல சொல்லப் பயந்துபோனேன்.”

புஷ்பபாய் எழுந்தாள். கைப்பை கீழே விழுந்தது, அதை அவள் எடுக்கவில்லை.

“ஆடு போனா போவட்டு. என்னயப் பயந்து ஒரு மனுஷனுக்க பிழைப்பயா கெடுத்தீங்க? அந்தப் பிள்ளையள் அவரத் தேடித் தேடி அழுதுதே, அது உங்க காதுல விழல்லியா?” பொன்னையன் பக்கம் திரும்பி, “அண்ணே, மன்னிக்கணும்” என்றாள். பொன்னையன் கூண்டின் மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரித்துக்கொண்டிருந்த கோர்ட் அடங்கிப்போயிற்று.

அப்போது சஜு வக்கீல் மெதுவாக எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“மேடம், பார்வையாளர் பெஞ்சில் நடந்ததைச் சாட்சியமாக எடுக்கக் கூடாது. என்னுடைய ஆட்சேபணையைத் தயவுசெய்து... பதிவு செய்ய வேண்டும்.”

“கண்டிப்பாகச் செய்ய வேண்டும் மேடம்” என்று அஜிஷா எழுந்து அவருக்காக வாதாடினாள். “அவருக்கும் அப்பீல் உண்டல்லவா?”

அன்று பின்னேரமே தீர்ப்பு வந்தது. தன் ஆடு என்று நம்பி எடுத்தது திருட்டாகாது, விடுதலை. ஆடும் அதன் சந்ததியும் பொன்னையனுக்கே. வெளியே வந்த பிறகும் பொன்னையன் டீக்கடை மரத்தடியில் நகராமல் நின்றார்.

“என்னண்ணே, சந்தோஷமில்லையா?”

“உண்டு வக்கீலே. அதில்ல. நீங்க அப்பீலுக்குன்னு அவ்வளவும் எழுதி வாங்கி வெச்சியளே, அது வீணாப் போச்சே!”

அஜிஷாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை அழகான ஒரு மறுப்பு உத்தரவு, இனி எந்த மேல் கோர்ட்டும் படிக்கப் போவதில்லை. கொஞ்சம் வருத்தம் வந்தது. அந்த வருத்தத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. செல்லையன் இருவரையும் பார்த்து, மூன்றாவது தட்டை டீக்கடை மேஜையில் போட்டார்.

திங்கட்கிழமை காலை அஜிஷா பாறசாலையில் நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். எதிரே மஞ்சள் பஸ் வந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பிள்ளைகள் தலையை நீட்டிப் பொன்னையன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பொன்னையன் நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, ஹாரனை அமுக்கினார். கையை எடுக்கவில்லை. பின்னால் லாரிகளும் கார்களும் தேங்கின. அதில் அவள் போகவேண்டிய பஸ்ஸும் இருந்தது. “எலே பிள்ளையளே, நம்ம வக்கீலுக்கு டாட்டா சொல்லுங்க!” என்று பொன்னையன் கத்தினார். அத்தனை கையும் ஒன்றாக மேலே எழும்பியது. அஜிஷா கோட்டையும் பையையும் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்று, வெட்கமில்லாமல் அழுதுகொண்டு கை காட்டினாள்.

கோர்ட்டுக்கு அவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய கேஸை ஒருமுறை கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மஜிஸ்திரேட் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“தாமதத்துக்குக் காரணம் என்ன? பதிவு செய்ய வேண்டுமல்லவா?”

“ஒரு ஸ்கூல் பஸ் வழியை மறித்துவிட்டது மேடம்.”

“எந்த ஸ்கூல் பஸ்? டிரைவர் யார்?”

கிளார்க்கின் விரல்கள் தட்டுவதற்குத் தயாராக நின்றன. சஜு வக்கீல் காதைத் தீட்டிக்கொண்டார். அஜிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“மேடம், இது மட்டும் ரெக்கார்டில் வேண்டாம்.”